வாட்டில் கிருமித் தொற்றுக்கு மருந்து ஏறும்போது அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

காய்ச்சல் மோசமாகி ஒருவரை வாட்டில் சேர்க்க வரும் குடும்பம், மாற்றுச் சாரம், துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல், கோப்பை, தலையணை என்று எல்லாவற்றையும் நினைவாகக் கட்டிக்கொண்டு வருகிறது. நோயாளி முந்திய ஒரு வாரமாக விழுங்கிவந்த குளிசைகளை மட்டும் வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறது. பக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளான அன்டிபயோட்டிக்குகளுள் எதைத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் வைத்தியருக்கு முதலில் வேண்டிய தகவல் பல வேளைகளில் அந்தக் குளிசைகளில்தான் இருக்கிறது. திருகோணமலையில் மருத்துவ வாட்டுகளில் பல வருடங்களாகத் தாதியாகக் கடமையாற்றிவரும் நான், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உறவினருக்காக இதை எழுதுகிறேன். வைத்தியர் செய்யும் தெரிவை நீங்கள் செய்ய வேண்டும் என்பது என் நோக்கமல்ல. அந்தத் தெரிவு சரியாக அமைவதற்கு, உங்களிடம் மட்டும் இருக்கும் சில விடயங்கள் உரிய நேரத்தில் அவரிடம் போய்ச் சேர வேண்டும். தொடங்கிய மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் நிறுத்துவதும்கூட வைத்தியத்தின் பகுதிதான் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மருந்துக்குப் பழகுவது உடம்பு அல்ல, கிருமி

“அப்பாவின் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது, இனி அது பிடிக்காது” என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பழகுவது உடம்பு அல்ல. தொற்றியிருக்கும் கோடிக்கணக்கான பக்டீரியாக்களுள் ஒரு சிலவற்றிடம், மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், அந்த மருந்தைத் தாங்கும் வழி ஏற்கனவே இருக்கலாம். சில பக்டீரியாக்கள் பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. மருந்து கொடுத்ததும் தாங்க முடியாதவை அழிகின்றன. தாங்கக்கூடியவை, போட்டிக்கு ஆளில்லாத இடத்தில், வெறும் வயலில் களை பெருகுவதுபோலப் பெருகுகின்றன. ஈ.கோலை போன்ற கிருமி வாய்ப்பான சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இந்தத் தாங்கும் திறனை, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் மூலம் ஒரு இனக் கிருமி இன்னோர் இனக் கிருமிக்குக் கொடுத்துவிடவும் முடியும் என்பதுதான் இன்னும் கவலைக்குரியது. ஆகவே ஒருவருக்குத் தேவையில்லாமல் ஏறிய மருந்தின் விளைவைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரும் அனுபவிக்க நேரலாம்.

இது புதிதாகத் தெரியவந்த விடயமல்ல. 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொள்வது கிருமிகளை எதிர்ப்புக்குப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். பெனிசிலினை எதிர்த்து நின்ற ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமிக்காகவே உருவாக்கப்பட்ட மெதிசிலின் 1959இல் பாவனைக்கு வந்தது; 1961இல் அதையும் தாங்கும் கிருமி இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. 2019ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்துகளை எதிர்க்கும் பக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

வைத்தியசாலையில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் வெளிப்படையானது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அருகருகே படுத்திருக்கிறார்கள். பலருக்கும் அன்டிபயோட்டிக் ஏறிக்கொண்டிருக்கிறது. தோலைத் துளைத்து, மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான கனுலாவும், சலப்பையினுள் குழாயும், சிலருக்குத் தொண்டையில் சுவாசக் குழாயும் இருக்கின்றன. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் பல கைகள் போய்வருகின்றன.

வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது

என் தகப்பனாருக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். அவர் நீண்டகாலம் நீரிழிவு உடையவர். கரைவலை இழுக்கும்போது காலில் ஏதோ முள் குத்தி, இரண்டு நாளில் பாதம் வீங்கிவிட்டது. நான் அப்போது வேறு மாவட்டத்தில் கடமையில் இருந்தேன். ஊரில் ஒரு மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு எதுவும் இல்லாமலே குளிசை வாங்கி, நான்கு நாள் விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார்கள். வாட்டில் சேர்த்த அன்று தங்கை என்னிடம் தந்த சிறிய வெள்ளைக் கடதாசி உறை இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. அதன் மேல் நீல மையில் “காலை 1, இரவு 1” என்று எழுதப்பட்டிருந்தது. உள்ளே இரண்டு மஞ்சள் குளிசைகள், ஒன்று பாதியாக முறிந்தது, அடியில் கொஞ்சம் தூள். மருந்தின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய இரத்தத்தில் செய்த கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி எதுவும் முளைக்கவில்லை. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் ஆய்வுகூடப் போத்தலில் அது வளராமல் தடுக்கப் போதுமான மருந்து ஏற்கனவே இரத்தத்தில் இருந்திருக்கலாம் என்று வைத்தியர் விளக்கினார். எந்தக் கிருமி என்று தெரியாததால் பல கிருமிகளுக்கும் பொதுவான, வீரியம் கூடிய மருந்தை மூன்று வாரம் ஏற்ற வேண்டி வந்தது. ஒரு விரலையும் அகற்ற நேர்ந்தது. அந்த உறையில் ஒரு பெயர் எழுதியிருந்தால் எல்லாம் வேறுவிதமாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தியர்கள் இருட்டில் தடவ வேண்டியிருந்திருக்காது.

ஆகவே வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும், வெறும் அட்டைகளையும், மருந்துறைகளையும், பாணிப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள். தனியார் வைத்தியரிடம் காட்டியிருந்தால் அவர் தந்த துண்டையும் எடுத்து வாருங்கள். அவர் பெயரிடாத குளிசை தந்திருந்தால், அவருக்குத் தொலைபேசியில் அழைத்து மருந்தின் பெயரையும் எத்தனை நாள் கொடுத்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துண்டு இல்லாமல் கடையில் வாங்கியிருந்தால் அதை மறைக்காதீர்கள். வைத்தியர் ஏசுவார் என்ற பயத்தில் “ஒண்டும் போடேல்ல, பனடோல் மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் உண்மையைச் சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் நோயாளிக்குத்தான் நட்டம். இனிமேல் எங்கே மருந்து வாங்கினாலும், அட்டையில் பெயரும் காலாவதித் திகதியும் இல்லாத பகுதியை வெட்டித் தந்தால், உறையின்மேல் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கடந்த மூன்று மாதத்துக்குள் வேறு வைத்தியசாலையில் தங்கியிருந்தாரா, அங்கே என்ன ஊசி போட்டார்கள், முன்பு எப்போதாவது சலத்திலோ புண்ணிலோ மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருப்பதாகச் சொன்னார்களா என்பவற்றையும் கேட்கப்படும்வரை காத்திராமல் சொல்லுங்கள். வைத்தியசாலையிலிருந்து விடும்போது தந்த பழைய டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, கல்ச்சர் அறிக்கை ஆகியவை இருந்தால் அவற்றை வாட்டு வைத்தியரின் கையிலேயே கொடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் வந்த சல அறிக்கையில் ஒரு மருந்துக்கு எதிர்ப்பு இருந்ததென்றால், இன்றைய இரவில் அந்த மருந்தைத் தவிர்ப்பதற்கு அதுவே போதுமான காரணமாகலாம்.

நாளாந்தம் பாவிக்கும் மற்ற மருந்துகளும் முக்கியம். வலிப்பு நோய்க்காகச் சோடியம் வல்ப்ரோவேற் எடுப்பவருக்கு மெரோபெனெம் ஊசி ஏற்றினால் வல்ப்ரோவேற்றின் அளவு இரத்தத்தில் வெகுவாகக் குறைந்து வலிப்பு வந்துவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவருக்குப் பல அன்டிபயோட்டிக்குகள் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு மருந்தின் அளவே மாறும்.

ஒவ்வாமை பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். “பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது” என்று ஒருமுறை கொப்பியில் எழுதப்பட்டுவிட்டால், பெனிசிலின் வகை மருந்துகள் அனைத்தும் வாழ்நாள் முழுவதும் மூடப்பட்ட கதவாகிவிடுகின்றன. பதிலுக்குக் கொடுக்கப்படும் மருந்து பெரும்பாலும் பல வகைக் கிருமிகளையும் தாக்கும் பரந்த மருந்து, சில வேளை பயன் குறைந்தது. தமக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று சொல்பவர்களை முறைப்படி பரிசோதித்தால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு உண்மையில் அது இல்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வெறும் வயிற்றுப்போக்கோ ஓங்காளமோ ஒவ்வாமை அல்ல. ஆகவே “அலர்ஜி” என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எந்த மருந்துக்கு, போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: உடம்பு தடித்ததா, முகமும் உதடும் வீங்கினவா, மூச்சு முட்டியதா, மயங்கி விழுந்தாரா, தோல் உரிந்ததா. உண்மையான ஒவ்வாமை என்றால் அதை மறவாமல் சொல்வது உயிர்காக்கும் தகவல். அதை முடிவு செய்வது வைத்தியரின் வேலை. விபரத்தைத் தருவது உங்களுடையது.

சேறும் கடலும் சொல்லும் செய்தி

எங்கள் மாவட்டத்தில் நோயாளியின் தொழிலைச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கத்தில் வயலில் இறங்கியவர் என்றால் வைத்தியரின் சிந்தனை ஒரு பக்கம் போகும். கொட்டியாரக் குடாவிலோ நிலாவெளிக் கரையிலோ கடலில் இறங்கியவர் என்றால் இன்னொரு பக்கம் போகும்.

இலங்கையின் சேற்று மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய் என்ற கிருமி, மெலியொய்டோசிஸ் எனப்படும் நோயை உண்டாக்குகிறது. நீரிழிவு உள்ள விவசாயிகளை இது அதிகம் பிடிக்கிறது, மழைக்காலத்தில் கூடுகிறது, நியூமோனியாவாகவும், ஈரலிலோ மண்ணீரலிலோ சிதல் கட்டியாகவும், சில வேளை காசநோய்போலவும் தோற்றமளிக்கிறது. ஜென்டமைசின் உட்படப் பல வழக்கமான மருந்துகளை இயல்பாகவே தாங்கக்கூடிய கிருமி இது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள்வரை ஏற்றி, பின் கோ-ட்ரைமொக்சசோல் குளிசையைக் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். மூன்று மாதம் என்பதைக் கேட்டு மலைத்துப்போய், காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரக்கூடும். இங்கே ஆய்வுகூடத்துக்கு ஒரு முன்னறிவிப்பும் பெரிதும் உதவும்: “வயல்காரர், சீனி வருத்தம் உண்டு” என்று கோரிக்கைப் படிவத்தில் எழுதியிருந்தால், நுண்ணுயிரியல் ஆய்வாளர் அந்தக் கிருமியைத் தேடிப் பார்ப்பார்.

எலிக்காய்ச்சலும் வயல் நீரோடு வருவதே. பற்றைக்காட்டில் விறகு எடுக்கப் போய் உண்ணிக்குஞ்சு கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலும் உண்டு. உண்ணிக்காய்ச்சலில், கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருப்பதால், நோயாளியைத் துடைக்கும்போது நீங்கள்தான் அதை முதலில் காண்பீர்கள். கண்டால் உடனே காட்டுங்கள். டொக்சிசைக்கிளின் என்ற மலிவான, பழைய குளிசை அந்த நோய்க்குப் போதும். கடல் நீரில் பட்ட காயம், குறிப்பாக ஈரல் வருத்தம் உள்ளவருக்கு, விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமியால் சில மணித்தியாலத்திலேயே கொப்புளமாகி, சதை அழுகத் தொடங்கலாம். மீன் வெட்டும்போதோ வலை இழுக்கும்போதோ பட்ட காயம் வேகமாகப் பரவினால், காலை வரை காத்திராமல் இரவிலேயே கொண்டுவாருங்கள்.

எல்லாக் காய்ச்சலும் பக்டீரியாவால் வருவதல்ல என்பதும் எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2017இன் முற்பகுதியில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது வாட்டுகள் நிரம்பி வழிந்ததை இங்குள்ளவர் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு ஒரு வைரஸ் நோய். எந்த அன்டிபயோட்டிக்கும் அதன்மேல் வேலை செய்யாது. டெங்கு நோயாளிக்கு அன்டிபயோட்டிக் போடவில்லை என்று வைத்தியரோடு வாதாட வேண்டாம்; திரவத்தை அளந்து கொடுப்பதும் இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும்தான் அங்கே வைத்தியம்.

முதல் மணித்தியாலங்கள்: மருந்துக்கு முன் மாதிரி

எந்தக் கிருமி என்று அறிய, அன்டிபயோட்டிக்கின் முதல் வேளை ஏறுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். இரத்தக் கல்ச்சருக்கு வளர்ந்தவரிடமிருந்து ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கப்படும். பெரும்பாலும் இரண்டு இடங்களில் குத்தி எடுப்பார்கள். “ஏற்கனவே இரத்தம் குறைந்தவர், இவ்வளவு எடுக்கிறார்களே” என்று உறவினர் பதறுவது இயல்பு. ஆனால் கிருமி இரத்தத்தில் மிக ஐதாகவே இருக்கும். எடுக்கும் அளவு குறைந்தால் அது அகப்படாமல் போகலாம். இரண்டாவது இடத்திலிருந்து எடுப்பது, முளைத்த கிருமி இரத்தத்திலிருந்து வந்ததா, தோலிலிருந்து ஒட்டி வந்ததா என்று பிரித்தறிய உதவுகிறது. கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள், எடுக்க விடுங்கள்.

சல மாதிரி பெரும்பாலும் நோயாளியும் உறவினரும் சேர்ந்து எடுப்பதால், அது கெடுவதும் எங்கள் கண் மறைவில்தான். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பெண்கள் முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் துடைத்து, முதலில் வரும் சலத்தை மலசலகூடத்தில் விட்டு, நடுவில் வருவதை மட்டும் கிருமி நீக்கிய போத்தலில் பிடியுங்கள். போத்தலின் மூடியைத் திறந்து கட்டில் விளிம்பில் கவிழ்த்து வைக்காதீர்கள். உட்பக்கத்தை விரலால் தொடாதீர்கள். பிடித்ததும் உடனே கொடுத்துவிடுங்கள். வெக்கையில் இரண்டு மணித்தியாலம் கிடந்த சலத்தில் கிருமிகள் தாமாகவே பெருகி அறிக்கையைப் பிழையாக்கிவிடும். சளி கேட்டால் வாயிலுள்ள எச்சில் உதவாது. வாயைக் கொப்பளித்து, ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருவதைத் தர வேண்டும்.

மாதிரிக்காக மருந்து தாமதமாகக் கூடாத நோயாளியும் உண்டு. இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு வேகமாகி, கதை குழறி, கைகால் குளிர்ந்து, சலம் குறைந்துபோனால் அது செப்சிஸாக, அதாவது தொற்றினால் உடம்பின் உறுப்புகளே பழுதாகத் தொடங்கும் நிலையாக இருக்கலாம். அதனால் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். பக்கத்தில் இருப்பவர் என்ற முறையில் இந்த மாற்றங்களை முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்கள். “கொஞ்சம் முன்னம் வரைக்கும் நல்லாக் கதைச்சவர், இப்ப என்னைத் தெரியேல்ல எண்டுறார்” என்ற ஒரு வசனத்தை எங்களிடம் ஓடிவந்து சொல்லுங்கள். நாங்கள் வேலையாக நிற்கிறோம் என்று தயங்க வேண்டாம்.

மூன்றாம் நாள்

என் அனுபவத்தில் குடும்பங்களுக்கும் வாட்டுக்கும் இடையில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான். முதல் நாள் வீரியம் கூடிய ஊசி ஏறியது, காய்ச்சல் குறைந்தது, திடீரென்று வைத்தியர் அதை நிறுத்திச் சிறியதொரு மருந்தைப் போடுகிறார். “நல்லாகிக்கொண்டு வரேக்க ஏன் மிஸி பெரிய ஊசியை நிப்பாட்டினவை? மருந்து முடிஞ்சு போச்சோ?” என்று கேட்கிறார்கள். நாட்டில் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் எல்லோரும் 2022இல் கண்டவர்கள் என்பதால் அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வேளைகளில் நடந்தது வேறு.

முதல் நாளில் கிருமி எதுவென்று தெரியாது. ஆகவே அகலமாக வலை வீசுகிறார்கள். கல்ச்சரில் கிருமி இருந்தால் பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலத்தில் முளைக்கத் தொடங்கும். அதன் பின் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற பரிசோதனை அறிக்கை, வாட்டில் நாங்கள் ஏ.பி.எஸ்.டி. என்று சொல்வது, வருகிறது. அதில் மருந்துகளின் பெயருக்கு எதிரே எஸ் என்றால் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. கட்டுப்படும் மருந்துகளுள் குறுகிய வீச்சுடையதை, அதாவது சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்குவதைத் தெரிவுசெய்வதே நல்ல வைத்தியம். ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி குளொக்சசிலினுக்குக் கட்டுப்படுமானால், விலையுயர்ந்த வன்கோமைசினைவிட அந்தப் பழைய குளொக்சசிலினே அதைத் திறமையாகக் கொல்கிறது. “சிறிய மருந்து” என்று உறவினர் எண்ணுவது, அந்தக் கிருமிக்குப் பெரிய மருந்து.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் அன்டிபயோட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறது. முதலில் எடுக்க வேண்டிய அமொக்சிசிலின், குளொக்சசிலின் போன்றவை ஒன்று. கவனத்தோடு பாவிக்க வேண்டிய செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளொக்சசின், மெரோபெனெம் போன்றவை இரண்டாவது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய கொலிஸ்டின் போன்றவை மூன்றாவது. கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அது தேவைப்படும் நிலைக்கு வந்த நோயாளியைப் பார்த்தவர் எவரும், அதைச் சும்மா போடச் சொல்லிக் கேட்க மாட்டார்.

ஆகவே மூன்றாம் நாள் காலையில் வைத்தியர் குழு வரும்போது மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்: கல்ச்சர் அறிக்கை வந்துவிட்டதா, எந்தக் கிருமி, தொற்று எந்த உறுப்பில், இப்போது போடும் மருந்து அதற்குப் பொருந்துகிறதா, எத்தனை நாளைக்கு, ஊசியிலிருந்து குளிசைக்கு எப்போது மாறலாம். உங்கள் கேள்வி வைத்தியரை அவமதிப்பதாகாது. வேலைப் பளுவில் மறந்துபோன அறிக்கை ஒன்று அந்தக் கேள்வியால் ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவரப்பட்டதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஊசிதான் வலுவானது என்ற எண்ணம் எங்கள் சனங்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சாப்பிடக்கூடியவர், காய்ச்சல் இறங்கியவர், குடலில் நன்றாக உறிஞ்சப்படும் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி உடையவர் என்றால், குளிசை அதே வேலையைச் செய்யும், கனுலாவை எடுத்துவிடலாம், அதன் வழியாக வரும் புதிய தொற்றும் தவிரும். கால அளவும் அப்படியே. சிக்கலில்லாத நியூமோனியாவுக்குப் பலருக்கு ஐந்து நாள் போதுமானது. இரத்தத்தில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் இருந்தால் குறைந்தது 14 நாள். இதய வால்வில் தொற்றினால் நான்கு முதல் ஆறு வாரம். கூடுதல் நாள் என்பது கூடுதல் சுகம் அல்ல. வைத்தியர் குறித்த நாளுக்கு முன் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதற்குப் பின் நீட்டச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

கட்டிலருகே ஒவ்வொரு நாளும்

கையிலிருந்து தொடங்க வேண்டும். நோயாளியைத் தொடுமுன்னும், தொட்டபின்னும், அவருடைய கட்டில், மேசை, சலம் சேரும் பை ஆகியவற்றைத் தொட்டபின்னும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள்: சவர்க்காரமும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. வயிற்றோட்டம் உள்ளவருக்கு உதவியபின் சவர்க்காரமும் தண்ணீரும்தான். குளொஸ்ட்ரிடியொய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்திகளை அற்ககோல் கொல்லாது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு யாருமில்லை என்று இரக்கப்பட்டு, உங்கள் நோயாளிக்குச் சோறு ஊட்டிய கையோடு அவரையும் நிமிர்த்திவிடுவீர்கள். அந்த இரக்கம் பெரிது; இடையில் ஒருமுறை கையைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். வைத்தியரோ தாதியோ கை சுத்தம் செய்யாமல் காயத்தைத் தொட வந்தால், “மிஸி, கை கழுவிட்டீங்களா?” என்று கேளுங்கள். என்னிடம் ஒரு சிறுமி அப்படிக் கேட்டிருக்கிறாள்; நான் நன்றி சொல்லிவிட்டுப் போய்க் கழுவினேன்.

கனுலா போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், நோவு, கசிவு எது தென்பட்டாலும் சொல்லுங்கள், “இன்றைக்கும் இது தேவையா?” என்று நாள்தோறும் கேளுங்கள். அதே கேள்வி சலக்குழாய்க்கும் பொருந்தும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம்வரை இருக்கிறது. சலம் சேரும் பையை எப்போதும் உடம்பிலுள்ள சலப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பதுதான் நான் அதிகம் திருத்த நேர்ந்த பிழை, ஏனெனில் பையில் தேங்கிய சலம் அப்படியே திரும்பி உள்ளே போகிறது. குழாய் உள்ளவரின் சலம் கலங்கலாகவோ மணமாகவோ இருப்பது மட்டும் அன்டிபயோட்டிக்குக்குக் காரணமாகாது. காய்ச்சல், நடுக்கம், விலா நோவு போன்றவை சேர்ந்தால்தான் அதைத் தொற்று என்று எண்ண வேண்டும்.

மருந்து நேரத்தையும் கவனியுங்கள். 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு கிருமியைக் கொல்லும் மட்டத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்கானுக்கோ சத்திரசிகிச்சைக்கூடத்துக்கோ போனதால் ஒரு வேளை தவறியிருந்தால் திரும்பி வந்ததும் நினைவூட்டுங்கள். சிப்ரோஃப்ளொக்சசின், டொக்சிசைக்கிளின் குளிசைகளைப் பாலோடும், கல்சியம், இரும்புக் குளிசைகளோடும் கொடுத்தால் அவை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வன்கோமைசின் வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து கடிக்கும். உடனே சொன்னால் வேகத்தைக் குறைப்போம். ஜென்டமைசின் ஏறும் நாட்களில் காது இரைச்சலோ தலைச்சுற்றோ வந்தால் மறைக்க வேண்டாம். “ஊசி சூடு” என்று செவ்விளநீர் கொண்டுவருவது எங்கள் வழக்கம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும் என்பதால், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்குத் தொற்று வராமல் தடுக்க, கத்தி படுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு வேளை மருந்து பெரும்பாலும் போதும். அதன் பின் ஐந்து நாள் ஊசி போடவில்லை என்று குறைப்பட வேண்டாம்.

கட்டுப்படாத கிருமி என்று அறிக்கை வந்தால்

தனிக்கட்டில், கையுறை, மேலங்கி, பார்வையாளர் கட்டுப்பாடு என்பவை வந்ததும் நோயாளி தாம் தீட்டுப்பட்டவர்போல ஒதுக்கப்பட்டதாக எண்ணி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடுப்பு கிருமிக்கு, அவருக்கல்ல என்பதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கை சுத்தம் செய்துவிட்டு, சொல்லித் தந்தபடி அங்கி அணிந்து, அவர் கையைப் பிடித்து இருக்கலாம், கதைக்கலாம். சின்னப்பிள்ளைகளையும், வேறு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்களையும் தவிர்த்துவிடுங்கள். உடம்பில் கிருமி ஒட்டியிருப்பதும் அதனால் தொற்று உண்டாகியிருப்பதும் ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: மூக்கிலோ குடலிலோ குடியிருக்கும் கிருமிக்கு மருந்து தேவைப்படாமலே இருக்கலாம்.

மருந்தை வெளியில் வாங்கிவரச் சொன்னால், துண்டில் உள்ள பெயரையும் அளவையும் எண்ணிக்கையையும் அப்படியே வாங்குங்கள். பணம் போதாவிட்டால் பாதியை வாங்கி வந்து சும்மா இருக்காமல், அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்தோ, வேறு வைத்தியசாலையிலிருந்து பெறும் வழியோ இருக்கலாம். பாதியில் நின்றுபோகும் மருந்தைவிட, தொடக்கத்திலேயே வேறு மருந்துக்கு மாறுவது நல்லது.

வீட்டுக்குப் போகும்போது

டயக்னோசிஸ் காட்டைக் கையில் வாங்கியதும் வாசலுக்கு ஓடாமல், அதில் கிருமியின் பெயர், கட்டுப்பட்ட மருந்து, கட்டுப்படாத மருந்து, கொடுத்த நாட்கள், மீதி நாட்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். கல்ச்சர் அறிக்கையைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு போன பிறகு நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் வயிற்றோட்டம், மீண்டும் காய்ச்சல், காயத்தில் சிதல், தோலில் தடிப்பு எது வந்தாலும், கிளினிக் நாள்வரை பொறுத்திராமல் வாருங்கள்.

மருந்தில் மீதி வந்தால் அடுத்த காய்ச்சலுக்கென்று அலுமாரியில் வைக்காதீர்கள், அயல்வீட்டுக்காரருக்கும் கொடுக்காதீர்கள். அப்பாவைச் சுகப்படுத்திய மருந்து பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். ஒருவருடைய கிருமி இன்னொருவருடைய கிருமியல்ல. மீதியை வைத்தியசாலை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, கல்ச்சர் அறிக்கையின் பிரதி, ஒவ்வாமை விபரம் எழுதிய ஒரு தாள், கடைசியாகக் குடித்த மருந்தின் வெறும் அட்டை ஆகியவற்றை அதில் வையுங்கள். அடுத்தமுறை வைத்தியசாலைக்குப் போக வண்டி வரும்போது தலையணைக்கு முன் கைக்கு எட்டும் இடத்தில், அடையாள அட்டை இருக்கும் அதே லாச்சியில் அது இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடத்தைக் காட்டி வையுங்கள்.